அம்மாவின் ரிப்போர்ட்டில் ‘தூங்கும் ஜீன்’: எழுப்பிவிட முடியுமா டாக்டர்?

தேனி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு 57 வயது. இருபத்திரண்டு வருடம் வீட்டு வாசலிலேயே விறகு அடுப்பு வைத்து இட்லிக் கடை நடத்தியவர். பீடி, சிகரெட், வெற்றிலை என்று எந்தப் பழக்கமும் கிடையாது. நாலு மாதம் விடாத இருமல், அப்புறம் முதுகு வலி. மதுரையில் சிடி ஸ்கேன் எடுத்து, ஊசி வழியாகச் சதை எடுத்துப் பார்த்ததில் நுரையீரல் புற்றுநோய், அடினோகார்சினோமா வகை, நான்காம் நிலை என்று வந்திருக்கிறது. முதுகெலும்பில் பரவியிருக்கிறது, மூளையிலும் இரண்டு சின்னப் புள்ளிகள். ஜீன் டெஸ்ட்டில் மூன்று விஷயங்கள்: இஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டிலீஷன், டிபி53 ஆர்273எச் மியூட்டேஷன், ஆர்பி1 லாஸ். டாக்டர் ஓசிமெர்டினிப் மாத்திரை எழுதிக்கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. இருமல் நின்றுவிட்டது, அம்மா மறுபடி மாடிப்படி ஏறுகிறார். மாத்திரை அட்டைக்குப் பின்னால் பேனாவால் தேதி எழுதி வைத்து, காலை ஐந்தரைக்கு முதல் காபிக்கு முன்னாலேயே போட்டுவிடுகிறாராம்.

இந்த நிலையில் உறவினர் ஒருவர், பக்கத்து மாநிலத்தில் உள்ள ஒரு கிளினிக்கைக் காட்டியிருக்கிறார். அங்கே சொன்னது இது: “மாத்திரை நோயை அமுக்கிவைக்கும், அவ்வளவுதான். புற்றுநோயைத் தடுக்கும் ஜீன்கள் தூங்கிப்போனதுதான் மூல காரணம். அதை எழுப்ப ஆறு டிரிப் போட வேண்டும், 4 லட்சத்து 20 ஆயிரம் ஆகும். அந்த ஆறு வாரமும் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டும்.” அண்ணன் ஐந்து சென்ட் இடத்தை விற்கத் தயாராகிவிட்டார். வாசகி இணையத்தில் தேடியதில் ஆர்பி1 என்பது குழந்தைகளின் கண் புற்றுநோய்க்கான ஜீன் என்று படித்து, தன் நாலு வயது மகளை நினைத்துத் தூக்கம் போய்விட்டது என்கிறார். ஊசி குத்தியதால்தான் நோய் பரவியது என்று வீட்டில் ஒரு பேச்சு. அப்பா இறந்த துக்கத்தில்தான் ஜீன் செத்துப்போனது என்று அத்தை ஒரு பக்கம். அம்மாவிடம் “நெஞ்சில் கட்டி” என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அன்புள்ள சகோதரி,

இதைப் படிக்கும்போதே அண்ணனுக்கு ஃபோன் போட்டு இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. இடத்துக்கு முன்பணம் வாங்க வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசுவோம்.

கிளினிக்கில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தே அந்தப் பாதியில்தான். ஜீன்கள் வாயடைத்துப் போவது நிஜமாகவே நடக்கிற விஷயம். அதைத் திருப்பிவிட முடியுமா என்று உலகம் முழுக்க ஆய்வாளர்கள் பல வருடமாக முட்டிமோதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிப் பேச்சை எடுத்து உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் அது அங்கே ஒட்டவில்லை. ஏன் என்று புரிய வேண்டுமானால் ஜீன் எப்படி வேலையிழக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள், உங்கள் கேள்விகளில் பாதிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

கிழிந்த பக்கம், பிழையான பக்கம், ஒட்டிப்போன பக்கம்

உடம்பின் கிட்டத்தட்ட எல்லா செல்லுக்குள்ளும் டிஎன்ஏ என்ற ஒரே புத்தகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நுரையீரல் செல் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் படிக்கும், தோல் செல் தனக்கு வேண்டியதைப் படிக்கும். அதில் சில பக்கங்களின் வேலை, “போதும், இதற்கு மேல் பிரியாதே” என்று செல்லுக்குச் சொல்வது. கட்டியை அடக்கும் ஜீன்கள் என்பவை இவைதான். ஆர்பி1 செல் பிரியும் வாசலில் காவல் நிற்கிறது. டிபி53, புத்தகத்தில் சேதம் வந்தால் வேலையை நிறுத்திப் பழுதுபார்க்கச் சொல்லும், முடியாவிட்டால் அந்த செல்லையே சாகச் சொல்லும். பி16 என்று இன்னொன்று உண்டு, ஆர்பி1 தன் வேலையைச் செய்ய வழிவிட்டுத் தருவது அது.

இந்தப் பக்கங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி கெட்டாலும் பெரும்பாலும் இன்னொன்று சமாளித்துவிடும். இரண்டும் போனால்தான் காவல் போகும். 1971-ல் ஆல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர், கண்ணில் புற்றுநோய் வந்த 48 பேரின் விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஜீனைக் கண்ணால் பார்க்காமலேயே இந்தக் கணக்கைப் போட்டார். அவர் ஊகித்த அந்த ஜீன் 1986-ல் கையில் கிடைத்தது. அதுதான் உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் இருக்கும் ஆர்பி1.

ஒரு பிரதி மூன்று விதமாகப் போகலாம். பக்கமே கிழிந்து காணாமல் போகலாம். பக்கம் இருக்கும், எழுத்துப் பிழை விழுந்து தப்பான கட்டளை கொடுக்கலாம். மூன்றாவதுதான் கிளினிக்காரர்கள் பேசுவது: பக்கத்தில் ஒரு எழுத்துகூடக் கெடவில்லை, ஆனால் பக்கம் ஒட்டிக்கொண்டதால் செல்லால் அதைப் பிரித்துப் படிக்க முடியவில்லை.

ஒட்டும் பசை எது என்றால் மெத்தில் என்ற ஒரு துணுக்கு. ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன், அவ்வளவுதான். டிஎன்ஏவின் நாலு எழுத்தில் ‘சி’ என்ற எழுத்தின் மேல் போய் உட்காரும். ஜீன் தொடங்கும் இடத்துக்கு முன்னால் இந்தத் துணுக்குகள் வரிசையாக உட்கார்ந்துவிட்டால் படிக்கும் இயந்திரம் உள்ளே நுழைய முடியாது. அப்புறம் அந்த இடத்து டிஎன்ஏ, சுற்றியிருக்கும் புரத உருண்டைகளோடு சேர்ந்து நூல்கண்டு மாதிரி இறுகிப்போகும். செல் பிரியும்போது டிஎன்எம்டி1 என்ற நொதி இந்தப் பசையையும் அப்படியே புதுப் பிரதியில் தடவிவிடுகிறது, அதனால் ஒரு செல்லில் அடைபட்ட வாய் அதன் வாரிசு செல்களிலும் அடைபட்டே இருக்கும்.

நுரையீரல் புற்றுநோயில் இது எப்போது தொடங்குகிறது தெரியுமா? புகைபிடிப்பவர்களின் சளியில் பி16 ஜீன் இப்படி ஒட்டிப்போயிருப்பதை, ஸ்கேனில் கட்டி தெரிவதற்கு முன்னாலேயே, சிலரிடம் மூன்று வருடம் முன்பே கண்டிருக்கிறார்கள். பரவும் கட்டத்தில் வேறு பக்கங்கள் ஒட்டுகின்றன. 2008-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் முதல் நிலையிலேயே அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் கட்டியையும் நெறிக்கட்டிகளையும் எடுத்துப் பார்த்தார்கள். பி16, சிடிஎச்13, ராஸ்எஃப்1ஏ, ஏபிசி ஆகிய ஜீன்களில் இந்தப் பசை இருந்தவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பி வந்தது. மைக்ராஸ்கோப்பில் சுத்தமாகத் தெரிந்த நெறிக்கட்டியில்கூட அந்த அடையாளம் சிலருக்கு இருந்தது. எனக்கு அந்த ஆய்வில் இன்றும் மனதில் நிற்பது இந்த விஷயம்தான்.

பரவும்போது நடப்பது இன்னும் நுணுக்கமானது. நுரையீரலின் உள்பூச்சு செல்கள் பக்கத்து செல்லைக் கைகோத்துப் பிடித்துக்கொண்டு நிற்பவை. அந்தக் கை, இ-கேட்ஹெரின் என்ற புரதம். கட்டியை விட்டுக் கிளம்பும் செல், ஸ்னெயில், ஸெப்1 போன்ற புரதங்களை வைத்து அந்தக் கையைச் செய்யும் ஜீனை வாயடைக்கிறது. கை விட்டுப்போனதும் செல் நகரலாம், ரத்தத்தில் ஏறலாம். எலும்பிலோ மூளையிலோ போய் இறங்கிய பிறகு பல நேரம் அதே ஜீனைத் திரும்பத் திறந்துகொள்கிறது, ஏனென்றால் அங்கே குடியேறிப் பெருக மறுபடி கைகோக்க வேண்டும். அதாவது பூட்டுவதும் திறப்பதும் அந்த செல்லின் தேவைக்குத் தக்கபடி நடக்கிறது. “தூங்கும் ஜீனை எழுப்பினால் நோய் போய்விடும்” என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

உங்கள் கடிதத்தோடு வந்த நகலில் இன்னொரு வரி கண்ணில் பட்டது: டிடிஎஃப்-1 பாசிட்டிவ். டிடிஎஃப்-1 ஒரு புரதம். அதைச் செய்யும் ஜீன் செல்லுக்கு “நீ நுரையீரல் செல்” என்று நினைவூட்டிக்கொண்டே இருப்பது. 2011-ல் வந்த ஒரு எலி ஆய்வில், அந்த ஜீன் அடங்கிப்போன கட்டிகள்தான் தன் அடையாளத்தை மறந்து தூரத்து உறுப்புகளுக்குப் பரவின. உங்கள் அம்மாவின் கட்டியில் அது இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இதை வைத்துப் பெரிய கணக்கெல்லாம் போட வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே பரவித்தான் இருக்கிறது. ஆனாலும் ரிப்போர்ட்டில் இருப்பது எல்லாமே கெட்ட செய்தி என்று நீங்கள் எழுதியிருந்ததால் சொன்னேன்.

அம்மாவின் ரிப்போர்ட்டில் தூங்கும் ஜீனே இல்லை

இப்போது அந்த மூன்று வரிக்கு வருவோம். டிபி53 ஆர்273எச் என்பது எழுத்துப் பிழை. அந்தப் புரதத்தின் 273-வது கண்ணி மாறிப்போயிருக்கிறது. புரதம் உற்பத்தியாகிறது, ஆனால் டிஎன்ஏவைச் சரியாகப் பிடிக்க மாட்டேன் என்கிறது. அந்த ஆள் விழித்துத்தான் இருக்கிறார், வேலையைத்தான் தப்பாகச் செய்கிறார். ஆர்பி1 லாஸ் என்பது கிழிந்த பக்கம். உங்கள் நகலில் இரண்டு பிரதியும் போய்விட்டதாகவே போட்டிருக்கிறது. ஒட்டிய பக்கத்தைப் பிரிக்கும் மருந்து எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இல்லாத பக்கத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் செய்த டெஸ்ட் எழுத்துகளைப் படிப்பது. மெத்தில் பசை இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை, அதற்கு வேறு டெஸ்ட். அப்படியிருக்க, இந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு “ஜீன் தூங்குகிறது” என்று அந்த கிளினிக்கில் இருப்பவர் எப்படிச் சொன்னார்? இந்தக் கேள்வியை அண்ணன் அவரிடமே கேட்கட்டும்.

பசையைக் கரைக்கும் மருந்து என்று உண்மையிலேயே உண்டு. அசாசிடிடின், டெசிடபின் இரண்டும் அமெரிக்காவில் 2004, 2006-ல் அனுமதி பெற்றவை. எதற்கு என்றால் எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு ரத்த நோய்க்கு. அங்கே நன்றாகவே வேலை செய்கின்றன. நுரையீரல் புற்றுநோயிலும் முயன்று பார்த்தார்கள். 2011-ல் வெளியான ஆய்வில் அசாசிடிடினோடு என்டினோஸ்டாட் என்ற மருந்தையும் சேர்த்து, மற்ற சிகிச்சைகள் கைவிட்ட 45 பேருக்குக் கொடுத்தார்கள். ஒருவருக்குக் கட்டி முழுதாக மறைந்தது, இன்னொருவருக்குக் கணிசமாகச் சுருங்கியது. மற்றவர்களில் யாருக்கும் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. அந்த ஒருவரை நினைத்து நாங்கள் எல்லோரும் ஆசைப்பட்டது நிஜம். ஆனால் இன்றுவரை நுரையீரல் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சையாக அது வரவில்லை. காரணமும் உண்டு. இந்த மருந்துகளுக்கு ஆர்பி1 எது, வேறு ஜீன் எது என்று தெரியாது. மூடியிருக்க வேண்டிய பக்கங்களையும் சேர்த்துத்தான் பிரிக்கும், ரத்த அணுக்களையும் குறைக்கும்.

“மாத்திரை அமுக்கிவைக்கும், அவ்வளவுதான்” என்ற பேச்சு

ஓசிமெர்டினிப் நோயை வேரோடு எடுக்காது, அது சரி. நான்காம் நிலையில் எந்த டாக்டரும் அப்படி வாக்குக் கொடுக்க மாட்டார், கொடுத்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் உங்கள் அம்மாவின் கட்டி உயிர்பிழைத்திருப்பது இஜிஎஃப்ஆர் என்ற ஒரு கட்டளையை நம்பி. எக்ஸான் 19 டிலீஷனால் அந்தக் கட்டளை அணையாத ஸ்விட்ச் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது. மாத்திரை அதை அணைக்கிறது. மூளைக்குள்ளும் போய் வேலை செய்வது இதன் பெரிய பலம், அந்த இரண்டு புள்ளிக்கும் இது வேண்டும். பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், ஓசிமெர்டினிப் எடுத்தவர்களில் பாதிப் பேர் 38.6 மாதம் தாண்டி உயிரோடு இருந்தார்கள், பழைய மாத்திரையில் அது 31.8 மாதம். இது பலரை வைத்துப் போட்ட கணக்கு, உங்கள் அம்மாவின் ஜாதகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். டிபி53, ஆர்பி1 இரண்டும் சேர்ந்து கெட்டிருப்பவர்களுக்கு மாத்திரையின் பலன் கொஞ்சம் சீக்கிரம் குறையலாம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

ஆறு வாரம் நிறுத்தினால் என்ன ஆகும்? நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில், இதே குடும்பத்தைச் சேர்ந்த பழைய மாத்திரைகளை (எர்லோடினிப், ஜெஃபிடினிப்) வேறு ஆய்வில் சேர்வதற்காக நிறுத்திய 61 பேரைக் கவனித்து 2011-ல் எழுதினார்கள். அவர்களுக்கு மாத்திரையின் பலன் ஏற்கெனவே குறையத் தொடங்கியிருந்தது. அப்படியும் 14 பேருக்கு, நிறுத்திய பிறகு நோய் சீறிக்கொண்டு கிளம்பி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது அல்லது உயிரே போனது. அதுவும் நடுவாகப் பார்த்தால் எட்டே நாளில். உங்கள் அம்மாவுக்கு மாத்திரை முழுதாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது, மூளையில் புள்ளி இருக்கிறது. அவரிடம் போய் ஆறு வாரம் நிறுத்துங்கள் என்று சொன்னவர் மீது எனக்கு வருத்தம் இல்லை, கோபம்தான் வருகிறது.

உங்கள் பணத்தையும் நேரத்தையும் செலவழிக்க உருப்படியான இடம் ஒன்று இருக்கிறது, அது அந்த ஆர்பி1 வரியோடு சம்பந்தப்பட்டது. இஜிஎஃப்ஆர், டிபி53, ஆர்பி1 மூன்றும் ஒன்றாக மாறிய கட்டிகள் சிலரிடம் மாத்திரையிலிருந்து தப்பிக்க உருவத்தையே மாற்றிக்கொண்டு, ஸ்மால் செல் என்ற வேறு வகைப் புற்றுநோயாகிவிடுகின்றன. 2019-ல் வந்த ஒரு ஆய்வில் இந்த மூன்றும் சேர்ந்தவர்களில் நூற்றுக்கு சுமார் 18 பேருக்கு இப்படி ஆனது. மற்றவர்களைவிட இது நிறைய அதிகம். இப்போது பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் பின்னாளில் ஸ்கேனில் கட்டி திரும்ப வளர்ந்தால் மாத்திரையை மட்டும் மாற்றிவிட்டு உட்காரக் கூடாது. மறுபடி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் செய்யும் ஜீன் டெஸ்ட் மட்டும் போதாது, செல்லின் உருவம் மாறியிருப்பது ரத்தத்தில் தெரியாது. உருவம் மாறியிருந்தால் கீமோ வேறு வகை, அது பெரும்பாலும் முதலில் நன்றாகவே கேட்கும். ஓசிமெர்டினிப்போடு ஆரம்பத்திலேயே கீமோவையும் சேர்க்கும் முறை 2023 முதல் ஆய்வுகளில் நல்ல பலன் காட்டியிருக்கிறது. மூன்று மாதம் ஓடிவிட்ட உங்கள் அம்மாவுக்கு அது பொருந்துமா என்று அவருடைய டாக்டரிடம்தான் கேட்க வேண்டும், தாராளமாகக் கேளுங்கள்.

புதிதாக மூச்சு வாங்கினாலோ, வறட்டு இருமல் திரும்பினாலோ, ரிவ்யூ தேதி வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே போங்கள். இந்த மாத்திரை அபூர்வமாக நுரையீரலிலேயே அழற்சியை உண்டாக்கும். நாட்டு மருந்து, கஷாயம் எது கொடுத்தாலும் டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள்.

பாப்பாவின் கண்

இந்தப் பகுதியை நீங்கள் இரண்டு முறை படிக்க வேண்டும். அம்மாவின் ரிப்போர்ட் கட்டியிலிருந்து எடுத்த சதையில் செய்தது. அதில் இருக்கும் ஆர்பி1 சேதம், 57 வருட வாழ்க்கையில் எப்போதோ நுரையீரலின் ஒரு செல்லில் நடந்து, அந்த செல்லின் வாரிசுகளில் மட்டும் இருப்பது. கருமுட்டைக்கு அது போகவில்லை, அதனால் உங்களுக்கும் வரவில்லை, பாப்பாவுக்கும் வரவில்லை. ஆர்பி1 கோளாறைப் பிறவியிலேயே சுமந்து வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே, ஐந்து வயதுக்குள், கண்ணில் நோய் தெரிந்துவிடும். உங்கள் அம்மாவுக்கு இரண்டு கண்ணும் நன்றாக இருந்து, இருபத்திரண்டு வருடம் அடுப்புப் புகையில் இட்லி வெந்ததைப் பார்த்திருக்கிறார். டிபி53-க்கும் இதே கதைதான். அது பரம்பரையாக வரும் குடும்பங்களும் உண்டு, ஆனால் அங்கே சின்ன வயதிலேயே பலருக்குப் பல வகைப் புற்றுநோய் வந்திருக்கும். உங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இவ்வளவு சொல்லியும் மனசு கேட்காது, எனக்குத் தெரியும். அம்மாவின் ரத்தத்தில் ஒரு பரம்பரை ஜீன் டெஸ்ட் செய்தால் விஷயம் முடிந்தது. உங்களுக்கோ பாப்பாவுக்கோ செய்ய வேண்டியதில்லை.

ஊசி குத்தியதால் பரவியது என்ற பேச்சுக்கு வருகிறேன். அம்மாவுக்கு முதுகு வலி எப்போது வந்தது? ஊசி போடுவதற்கு இரண்டு மாதம் முன்பு, உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. எலும்பில் அது அப்போதே இருந்தது. நுரையீரல் ஊசிப் பரிசோதனையில் ஊசி போன பாதையில் செல்கள் ஒட்டுவது மிக மிக அபூர்வம், அது முதுகெலும்புக்கும் மூளைக்கும் தாவாது. அந்த ஊசி போடாமல் இருந்திருந்தால் இந்த மாத்திரையே கிடைத்திருக்காது. அப்பாவின் மறைவும் எந்த ஜீனையும் கொல்லவில்லை. அத்தையோடு சண்டை போடாதீர்கள், அவருக்கும் ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. விறகுப் புகையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கடையை இப்போது அண்ணி பார்த்துக்கொள்கிறார் என்றீர்களே, அவருக்கு முதலில் கேஸ் அடுப்பு வாங்கிக்கொடுங்கள்.

கிளினிக்கில் கேட்க வேண்டியவை

உறவினர் வழியாக வந்த இடம், சட்டென்று முடியாது என்று சொல்ல அண்ணனுக்குச் சங்கடமாக இருக்கலாம். அப்படியானால் இவற்றை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். டிரிப்பில் போகும் மருந்தின் பெயர் என்ன, நுரையீரல் புற்றுநோய்க்கு அது இந்தியாவில் அனுமதி பெற்றதா? “இது புது ஆராய்ச்சி” என்றால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சிடிஆர்ஐ-யில், அதன் பதிவு எண் என்ன? எண் கொடுத்தால் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். முறையான ஆய்வென்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்களுக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தருவார்கள், பாதிப்பு வந்தால் யார் பொறுப்பு என்று அதில் இருக்கும், பரிசோதனை மருந்துக்கு உங்களிடம் லட்சக்கணக்கில் வாங்க மாட்டார்கள். 4 லட்சத்து 20 ஆயிரத்தைக் கட்டச் சொல்லிவிட்டு ‘ஆராய்ச்சி’ என்றால், அந்த இரண்டு சொல்லும் ஒரே வாக்கியத்தில் வரக் கூடாது.

புற்றுநோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் சட்டப்படி குற்றம். அவர்கள் அனுப்பிய வீடியோவையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு கருத்து கேட்க வேண்டும் என்றால் கேளுங்கள், அதற்கு உங்கள் டாக்டர் கோபப்பட மாட்டார். அம்மாவின் கோப்பு நகலை நீங்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. பயாப்சி ஸ்லைடையும் பிளாக்கையும் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் கட்டி) வாங்கிக்கொண்டு அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கோ, வேலூர் சிஎம்சிக்கோ, ஜிப்மருக்கோ போய் வரலாம். அந்த ஐந்து சென்ட் அப்படியே இருக்கட்டும், பின்னால் கீமோவுக்கோ வேறு மாத்திரைக்கோ உண்மையிலேயே தேவைப்படலாம்.

அம்மாவுக்குத் தெரியாமல்

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நாலு பக்கத்தில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, நம் வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது, பாசத்தில்தான் மறைக்கிறோம். ஆனால் தினமும் அட்டையில் தேதி எழுதி, ஒரு நாள் தவறாமல் மாத்திரை போடுகிற மனுஷிக்கு “நெஞ்சில் கட்டி” என்பது சும்மா கட்டி இல்லை என்று தெரியாதா? என் ஓபியில் ஒரு பாட்டி, மகன் வெளியே மருந்து வாங்கப் போன நேரம் பார்த்து, “அவனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டான், நீ எங்கிட்ட சொல்லு கண்ணு” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். மகனோ ஒரு மாதமாக அவரிடம் மறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே வீட்டில் தனித்தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். “உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுக்கணுமாம்மா, எவ்வளவு சொல்லணும்?” என்று கேட்டுத் தொடங்குங்கள். எவ்வளவு கேட்கிறாரோ அவ்வளவு சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் ரிவ்யூவுக்கு அவரையும் உள்ளே அழைத்துப் போய் டாக்டரையே பேசச் சொல்லுங்கள். உடம்பு அவருடையது, அந்த ஐந்து சென்ட் இடமும் அவர் பெயரில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை விற்க அவர் கையெழுத்துப் போட வேண்டும், எதற்கென்று தெரியாமலா போடுவார்?

அடுத்த ஸ்கேன் 12-ஆம் தேதி என்றீர்கள். போகும்போது ஜீன் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள், ஆர்பி1 வரி ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. அதைக் காட்டி, “கட்டி திரும்ப வளர்ந்தால் மறுபடி பயாப்சி எடுப்பீர்களா?” என்று கேட்டு, பதிலைக் கோப்பிலேயே எழுதச் சொல்லுங்கள்.